வீட்டு விசேஷத்துக்குப் பூ: வாங்குவது, கட்டுவது, வாடாமல் வைப்பது – முழுமையான வழிகாட்டி

நிச்சயதார்த்தம், வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று ஐம்பது, நூறு பேர் கூடும் விசேஷத்துக்கு மொத்தச் சந்தையில் பூ வாங்கி, வீட்டிலேயே கட்டி, அலங்காரமும் செய்துகொள்ள நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மதுரையில் பூக்கடை வைத்திருப்பதால் உதாரணங்கள் பெரும்பாலும் மாட்டுத்தாவணிச் சந்தையிலிருந்தே வரும். கோயம்பேடு, நிலக்கோட்டை, ஸ்ரீரங்கம், தோவாளை என எங்கே வாங்கினாலும் முறை இதுதான்.

புதிதாகச் செய்பவர்களுக்குப் பூக் கட்டத்தான் வராது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கட்டுவது ஒரு மதியத்தில் கைக்கு வந்துவிடும். அவர்கள் தடுமாறுவதெல்லாம் நேரக் கணக்கில்தான். எல்லாப் பூவையும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே பையில் வாங்கிவந்து, அதன்மேல் ஒரு செம்பு தண்ணீரைத் தெளித்து வைத்துவிடுவார்கள். விடிந்தால் மல்லிகை பழுத்துக் கிடக்கும்.

1. முதலில் மணியை எழுதுங்கள்

பூ எத்தனை மணிக்குத் தலையில் ஏற வேண்டும், அலங்காரம் எத்தனை மணிக்கு முடிந்திருக்க வேண்டும் என்ற இரண்டையும் தாளில் எழுதுங்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள்.

மல்லிகையை விடியற்காலையில், மொட்டாக இருக்கும்போதே பறிக்கிறார்கள். அன்று சாயங்காலம் அது விரியத் தொடங்கும். விசேஷம் மாலையில் என்றால் அன்று காலையில் வாங்கி மதியத்துக்குள் கட்டினால் போதும், விருந்தாளிகள் வரும் நேரத்தில் தானே மலரும். காலை முகூர்த்தம் என்றால் முந்தைய நாள் காலையில் வாங்கி, கட்டி, குளிர்ச்சியில் வைத்து மலர்வதைத் தள்ளிப்போட வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. காலை ஆறு மணி முகூர்த்தத்துக்கு அன்றைக்கே நாலு மணிக்குச் சந்தைக்குப் போய், கட்டுவதற்கு ஆள் தேடி நிற்பார்கள்.

2. தாங்கும் பூ முன்னால், தாங்காத பூ பின்னால்

பட்டியல் போடும்போது பூவின் ஆயுளைப் பார்த்து வரிசைப்படுத்துங்கள்.

செவ்வந்தி, கேந்தி என்கிற செண்டுமல்லி, கோழிக்கொண்டை, வாடாமல்லி ஆகியவை இரண்டு நாள் முன்பே வாங்கினாலும் தாங்கும். வாடாமல்லி காய்ந்தாலும் நிறம் போகாது. காம்போடு வாங்கும் ரோஜா, ஜெர்பரா, கார்னேஷன் ஆகியவற்றை ஒரு நாள் முன்பு வாங்க வேண்டும், ஏனென்றால் அவை தண்ணீர் குடிக்க அவகாசம் வேண்டும். கனகாம்பரம் மணக்காது, ஆனால் நன்றாகத் தாங்கும். அதையும் முந்தைய நாளே கட்டி வைக்கலாம்.

மல்லிகை, முல்லை, சம்பங்கி, தாமரை, மரிக்கொழுந்து எல்லாம் கடைசி. அதிலும் பிச்சி என்னும் ஜாதிமல்லி மிகவும் குறைந்த நேரப் பூ. சாயங்காலம் விரிந்து மறுநாள் காலைக்குள் துவண்டுவிடும். வாசத்துக்காக ஆசைப்பட்டுக் காலை விசேஷத்துக்குப் பிச்சி கேட்பவர்களை நான் முல்லை பக்கம் திருப்பி அனுப்புவேன்.

விலையையும் இப்போதே யோசியுங்கள். பங்குனி, சித்திரை, வைகாசியில் மல்லிகை வரத்து அதிகம். மார்கழி, தையில் பனி விழுந்து மொட்டு பிடிப்பது குறையும். அந்தச் சமயத்தில் பொங்கலும் முகூர்த்தமும் சேர்ந்துகொண்டால் கிலோ சில ஆயிரம் ரூபாய்க்கு ஏறும். அந்த மாதங்களில் தலைக்கு மட்டும் மல்லிகை வைத்துக்கொண்டு, அலங்காரத்தைச் செவ்வந்தியிலும் சம்பங்கியிலும் முடிப்பது புத்திசாலித்தனம்.

3. சந்தைக்குக் கிளம்பும் முன் வீட்டில் தயாராக இருக்க வேண்டியவை

பூ வந்த பிறகு பாத்திரம் தேடக் கூடாது. தேடும் அரைமணி நேரமும் பூ பைக்குள் புழுங்கும்.

- காம்புப் பூக்களுக்கு சோப்புப் போட்டுக் கழுவிய இரண்டு பிளாஸ்டிக் வாளிகள். எண்ணெய்ப் பிசுக்கோ பழைய கறையோ இருந்தால் அதிலிருக்கும் கிருமி காம்பின் வாயை அடைத்துவிடும்.
- உதிரிப் பூவுக்கு அகலமான மூங்கில் தட்டு அல்லது முறம், வெள்ளைப் பருத்தித் துணி, வாழை இலை.
- ஃபிரிட்ஜில் கீழே காய்கறி வைக்கும் இடம் காலியாக. அது போதாதென்றால் மூடியுள்ள தெர்மாகோல் பெட்டியும் ஐஸும்.
- வாழை நார் அல்லது பூக் கட்டும் நூல், கோர்க்க நீளமான ஊசி, கூரான கத்தி. மழுங்கிய கத்தரிக்கோல் காம்பை நசுக்கும், நசுங்கிய காம்பு தண்ணீர் இழுக்காது.

பூ எடுத்துவர இரண்டு கூடை அல்லது துணிப் பை கொண்டுபோங்கள். வாயைக் கட்டிய பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம்.

4. சந்தையில் பார்த்து வாங்குவது

விடியற்காலையிலிருந்தே வரத்து இருக்கும். திருமங்கலம், உசிலம்பட்டி, வலையங்குளம் பக்கத்துப் பூவெல்லாம் வந்து இறங்கிய பிறகுதான் அன்றைய விலை நிலைக்கும். முதல் கடையிலேயே வாங்கிவிடாமல் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கிலோக் கணக்கில் வாங்குபவர்களுக்குக் கமிஷன் கடை, கால் கிலோ அரைக் கிலோவுக்குச் சில்லறைக் கடை.

மல்லிகையைப் பார்க்கும் விதம்: மேலே கிடப்பதைப் பார்க்காதீர்கள். "அண்ணே, கொஞ்சம் கையை விட்டுப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு, குவியலின் அடிவரைக்கும் விரல்களை இறக்குங்கள். உள்ளே சூடாக இருந்தால் அது ராத்திரிப் பூ, அல்லது சிப்பத்தில் நெருக்கி வந்த பூ. பறித்த பிறகும் பூ மூச்சு விட்டுக்கொண்டே இருப்பதால் குவியலுக்குள் சூடு சேரும், அந்தச் சூட்டில் அது பழுக்கும். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். மொட்டு பருமனாக, பால்போல் வெண்மையாக, தொட்டால் விறைப்பாக இருக்க வேண்டும். பச்சை ஓடிய சிறு மொட்டுகள் முற்றாதவை. அவை எத்தனை நேரம் வைத்தாலும் விரியாது, மணமும் வராது. நுனியில் இளஞ்சிவப்போ பழுப்போ தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

கை ஈரமானால் எடைக்குத் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள், அல்லது மழையில் நனைந்த பூ. இரண்டுமே சாயங்காலத்துக்குள் கறுக்கும். விலை குறைவு என்று மழைப் பூ வாங்குவதைவிட, அளவைக் குறைத்து நல்ல பூ வாங்குங்கள்.

செவ்வந்தியைத் தலைகீழாகப் பிடித்து லேசாகத் தட்டுங்கள், இதழ் உதிர்ந்தால் பழைய பூ. கேந்தியில் இதழுக்கு அடியில் இருக்கும் பச்சைக் கிண்ணத்தை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருக்க வேண்டும். கொழகொழவென்று இருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது, ஒரு பூ ஒரு கூடையையே கெடுக்கும்.

சம்பங்கியில் இரண்டு வகை உண்டு. ஒற்றை இதழ் அடுக்குள்ளது உதிரியாக மாலைக்கு, அடுக்குச் சம்பங்கி தண்டோடு ஜாடிக்கு. தண்டு வாங்கும்போது அடியில் இரண்டு மூன்று பூ விரிந்து, மேலே எல்லாம் மொட்டாக இருப்பதை எடுங்கள்.

ரோஜாக் கட்டு பெரும்பாலும் இருபது பூவாக, தலையில் அட்டை சுற்றி வரும். அட்டைக்குள் விரலை விட்டு, பூவின் கழுத்துக்கு மேலே இதழ்கள் சேரும் இடத்தை மெல்ல அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் புதுசு, பஞ்சுபோல் அமுங்கினால் பழசு. வெளி இதழ் ஒன்றிரண்டில் கறை இருப்பது குறையல்ல, அதைக் கிள்ளிவிடலாம். இலை வாடியிருந்தால்தான் வேண்டாம்.

அளவு பற்றி: வீட்டுக்கு எத்தனை முழம் வேண்டும் என்று தெரிந்தாலும் அதற்கு எத்தனை கிராம் என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நெருக்கமாகக் கட்டுகிறீர்களா, தளர்வாகவா என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்பு ஐம்பது கிராம் வாங்கிக் கட்டி அளந்துவிடுங்கள். அதை வைத்துப் பெருக்கி, உதிர்வுக்கும் கழிவுக்கும் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்த்தால் சரியாக வரும்.

5. வீடு வந்த முதல் அரைமணி நேரம்

காப்பி குடிக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

உதிரிப் பூவை முறத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். சேர்ந்த சூடு வெளியேறட்டும். பத்து நிமிடம் நிழலில், மின்விசிறி நேராக அடிக்காத இடத்தில் இருந்தால் போதும். அப்போதே நசுங்கியது, பழுத்தது, இலைத் துணுக்கு எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

பிறகு துணியை நனைத்து, சொட்டுச் சொட்டில்லாமல் இறுகப் பிழிந்து, பூவின் மேல் போர்த்துங்கள். ஈரம் துணியில்தான் இருக்க வேண்டும், பூவில் இல்லை. தண்ணீர் இதழில் தேங்கினால் அந்த இடம் முதலில் கண்ணாடிபோல் ஆகி, பிறகு பழுப்பாகும். தண்ணீர் தெளிப்பது பூவுக்கு நல்லது என்ற நம்பிக்கை வலுவாக இருக்கிறது. கடைக்காரர்கள் சரத்தின்மேல் தெளிப்பது வெயிலில் வைத்து அன்றைக்கே விற்றுத் தீர்ப்பதற்காக. ராத்திரி முழுக்க வைக்கப்போகும் பூவுக்கு அது ஆகாது.

காம்புப் பூக்களைத் தண்ணீரில் விடும் வேலையும் இப்போதே. அது எட்டாவது பகுதியில் வருகிறது.

6. மல்லிகைச் சரம் கட்டுவது

வாழை நாரை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, மெல்லிய இழைகளாகக் கிழித்துக்கொள்ளுங்கள். காய்ந்த நார் முறியும், காம்பையும் அறுக்கும். நூல் என்றால் கொஞ்சம் தடித்த பருத்தி நூல். துணி தைக்கும் மெல்லிய நூல் மொட்டின் கழுத்தை அறுத்துவிடும்.

நாரின் முனையை இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடியுங்கள். இரண்டு மொட்டை, தலை ஒரு பக்கமாக வைத்து அமுக்கிக்கொள்ளுங்கள். அதன்மேல் இன்னும் இரண்டு மொட்டு, தலை எதிர்ப்பக்கமாக. நான்கு காம்பும் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று குறுக்காகப் படிய வேண்டும். வலது கையால் நாரைக் காம்புகளின்மேல் ஒரு சுற்று சுற்றுங்கள். அடுத்து வலது கை விரல்களில் நாரை வளைத்து ஒரு சுருக்குப் போட்டு, அதைக் காம்புகளின் அடியிலிருந்து மாட்டி இழுங்கள். ஒரு சுற்று, ஒரு சுருக்கு, அவ்வளவுதான். ஒரு கண்ணி முடிந்தது.

முடிச்சு விழும் இடத்தைக் கவனியுங்கள். காம்பின் பச்சைப் பகுதியில் விழ வேண்டும். வெள்ளைக் குழலில் விழுந்தால் இழுக்கும்போதே மொட்டு துண்டாகும், அல்லது தலையில் வைத்த பிறகு ஒவ்வொன்றாக உதிரும். புதியவர்களின் சரம் உதிர்வதற்கு இதுதான் காரணம், முடிச்சு தளர்வு என்று நினைத்து இன்னும் இறுக்கிக் கட்டுவார்கள், இன்னும் உதிரும்.

அடுத்த கண்ணியை முந்தைய கண்ணியோடு ஒட்டி வைத்து, இழுக்கும்போது அதன் பக்கமாகவே இழுங்கள். மேல்நோக்கி இழுத்தால் நடுவில் நார் தெரியும். மொட்டு விரிந்த பிறகு இடம் பிடிக்கும் என்பதால், மாலையில் மலரப்போகும் சரத்தில் கொஞ்சம் இடைவெளி பாதகமில்லை. பாதி மலர்ந்த நிலையில் சூடும் காலைச் சரத்தை நெருக்கமாகக் கட்டுங்கள்.

கதம்பம் வேண்டுமென்றால் நாலைந்து கண்ணிக்கு ஒரு கனகாம்பரம், இடையில் ஒரு கொத்து மரிக்கொழுந்து. மரிக்கொழுந்து ஈரத்தோடு வரும், துணியில் ஒற்றிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

கட்டிய சரத்தை வாழை இலையில் வட்டமாகச் சுருட்டி வைத்து, இலையை மடித்து, மேலே பிழிந்த ஈரத் துணி சுற்றி, ஃபிரிட்ஜின் காய்கறிப் பெட்டியில் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் இதழ் உறைந்து, வெளியே எடுத்ததும் கறுத்துக் குழையும். தெர்மாகோல் பெட்டியில் வைப்பதானால் ஐஸைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, செய்தித்தாள் சுற்றி அடியில் போட்டு, அதன்மேல் ஒரு அடுக்கு இலை, பிறகு பூ. ஐஸ் பூவைத் தொடக் கூடாது, உருகும் தண்ணீரும் பூவுக்கு வரக் கூடாது.

பழங்களை அதே இடத்தில் வைக்காதீர்கள். அதற்கான காரணத்தை ஒன்பதாவது பகுதியில் சொல்கிறேன்.

7. தோரணமும் வாசல் மாலையும்

இதை முந்தைய நாளே முடித்துவிட வேண்டும். கேந்தியும் செவ்வந்தியும் தாங்குவதால், விசேஷ நாளின் காலையை இதில் செலவழிப்பது வீண்.

ஊசியைப் பச்சைக் கிண்ணத்தின் நடுவில் குத்தி, பூவின் நடுவே வெளியே எடுங்கள். ஓரமாகக் குத்தினால் கனம் தாங்காமல் கிழிந்து பூ தொங்கும். நூலை இரட்டையாக எடுத்து, கடைசிப் பூவுக்கு அடியில் ஒரு சின்னத் துண்டு காம்பைக் குறுக்கே வைத்து முடிச்சுப் போட்டால் பூ நழுவாது. மாவிலையைக் காலையில் செருகிக்கொள்ளலாம். ராத்திரியே செருகினால் ஓரம் சுருண்டுவிடும்.

அரளி சேர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரளிச் செடி முழுவதும் நஞ்சு. குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்திலும் சாப்பாட்டுத் தட்டுகளின் பக்கத்திலும் வேண்டாம், கட்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

8. ரோஜா, ஜெர்பரா, கார்னேஷன்: தண்ணீர் ஏற்றுவது

ஓசூரிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் வரும் இந்தப் பூக்கள் பெட்டியில் தண்ணீரில்லாமல் பயணம் செய்து வந்தவை. காம்பின் நுனி காய்ந்து மூடியிருக்கும், உள்ளே காற்றும் புகுந்திருக்கும். நேராக ஜாடியில் செருகினால் வெளியே தண்ணீர் இருந்தும் பூ தாகத்தில் வாடும்.

தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வரப்போகும் இலை, முள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இலை தண்ணீரில் அழுகினால் இரண்டாம் நாளே நாறும். பிறகு காம்பைத் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிடித்துக்கொண்டு, கூரான கத்தியால் சாய்வாக ஒரு அங்குலம் வெட்டுங்கள். வெளியே வெட்டினால் காற்று உள்ளே இழுக்கும். சாய்வாக வெட்டுவதால் காம்பு பாத்திரத்தின் அடியில் ஒட்டி அடைபடாது. கார்னேஷனைக் கணுவில் வெட்டக் கூடாது, இரண்டு கணுவுக்கு நடுவில் வெட்ட வேண்டும்.

ரோஜாவை வாளியில் பாதிக் காம்பு மூழ்கும் அளவுக்கு நிறுத்தி, இருட்டான குளிர்ந்த அறையில் குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள். தலையில் சுற்றிய அட்டையை அதுவரை அவிழ்க்காதீர்கள், நிமிர்ந்தபடியே தண்ணீர் ஏறட்டும். ஜெர்பராவுக்கு இரண்டு அங்குலத் தண்ணீர்தான். அதன் தண்டு மெல்லிய மயிரோடு இருக்கும், ஆழமாக மூழ்கினால் அழுகி வளையும்.

கழுத்து தொங்கிப்போன ரோஜாவைத் தூக்கி எறியாதீர்கள். காம்பை மறுபடியும் தண்ணீருக்குள் வெட்டி, தலையோடு சேர்த்துக் காகிதத்தை இறுகச் சுற்றி, வெதுவெதுப்பான ஆழமான தண்ணீரில் இரண்டு மணி நேரம் நிறுத்துங்கள். பழைய பூவாக இல்லாவிட்டால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

தண்ணீரில் சர்க்கரை போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வெறும் சர்க்கரை போட்டால் கிருமிக்குத்தான் சாப்பாடு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, சில சொட்டு ப்ளீச் என மூன்றும் சேர்ந்தால்தான் பயன். அதற்கும் முடியாதென்றால், நம் வெயிலுக்குத் தினமும் தண்ணீரை மாற்றுங்கள், மாற்றும்போதெல்லாம் காம்பை அரை அங்குலம் வெட்டுங்கள். என் அனுபவத்தில் எந்த மருந்தையும்விட இது நன்றாக வேலை செய்கிறது.

9. அடுக்குவதும் இடம் பார்ப்பதும்

ஜாடி ஒரு அடி உயரம் என்றால், ஜாடிக்கு மேலே பூ ஒன்றரை அடிவரை இருக்கலாம். முதலில் இலைத் தண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பின்னல்போல் ஆக்குங்கள். அடுத்த பூ சாயாமல் நிற்க அதுதான் பிடிமானம். பிறகு பெரிய பூ, கடைசியில் இடைவெளி நிரப்பும் சிறு பூ. பூவை முதலில் வைத்துவிட்டு இலையைச் செருகினால் காம்பு முறியும்.

பச்சை ஃபோம் பயன்படுத்துபவர்கள் அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டுத் தானாக மூழ்கும்வரை காத்திருக்க வேண்டும். கையால் அமுக்கினால் வெளியே ஈரம், நடுவில் காய்ந்த கட்டி, அங்கே குத்திய பூ மதியத்தில் தொங்கும். ஒருமுறை குத்திய பூவை எடுத்து அதே ஓட்டையில் குத்தாதீர்கள். எனக்கு ஃபோம் மேல் விருப்பமில்லை. அது ஒருவகைப் பிளாஸ்டிக், மண்ணில் மக்காது. வீட்டு விசேஷத்துக்கு வாழை மரத்தை அரை அடித் துண்டாக வெட்டி, குச்சியால் துளை போட்டு அதில் செருகினால் போதும். ஒரு நாள் ஈரம் காக்கும், பார்க்கவும் நம் வீட்டுப் பொருளாக இருக்கும்.

தாமரை வாங்கினால் வெளி இதழ்களை உள்பக்கமாக மடித்து வையுங்கள். விரல் பட்ட இடம் சீக்கிரம் கறுக்கும், ஆகவே கடைசி ஒரு மணி நேரத்தில் மடித்தால் போதும்.

உருளியில் தண்ணீர் நிரப்பிய பிறகு பூவைப் போடுங்கள். பூவைப் போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் எல்லாம் புரண்டு மூழ்கும். காம்பை ஒட்ட நறுக்கிய செவ்வந்தியும் கேந்தியும் நன்றாக மிதக்கும். பன்னீர் ரோஜாவை இதழாகத் தூவலாம், முழுப் பூவாக நிற்காது.

இடம்: வெயில் படும் ஜன்னல், மின்விசிறிக்கு நேர் கீழே, ஏசி காற்று அடிக்கும் மூலை மூன்றும் வேண்டாம். நான்காவதாக, சீர்வரிசைத் தட்டுகளுக்குப் பக்கத்தில் வேண்டாம். பழுத்த வாழைப்பழம், மாம்பழம், ஆப்பிள் எல்லாம் எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடும். பழத்தைப் பழுக்கவைக்கும் அதே வாயு பூவையும் முதுமையாக்கும். கார்னேஷனும் ஆர்க்கிட்டும் இதற்கு முதலில் பலியாகும். அடைத்த அறையில் முந்தைய ராத்திரியே தட்டுகளையும் பூவையும் ஒன்றாக அடுக்கி வைப்பவர்கள் காலையில் கடைக்காரரைத் திட்டுவார்கள்.

10. விசேஷ நாளன்று

மல்லிகைச் சரத்தை ஃபிரிட்ஜிலிருந்து சூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு எடுத்து, இலையைப் பிரித்து நிழலில் வையுங்கள். குளிரிலிருந்து எடுத்ததும் இதழில் நீர் கோர்க்கும். அது உலர்ந்த பிறகுதான் தலைக்கு. மணமும் அப்போதுதான் எழும். எல்லாச் சரத்தையும் ஒரே நேரத்தில் வெளியே எடுக்காமல், தாமதமாக வருபவர்களுக்கான பங்கை உள்ளேயே விட்டுவையுங்கள்.

முழத்தை முன்கூட்டியே வெட்டி, தட்டில் அடுக்கி, ஈரத் துணி மூடி வாசலில் ஒருவர் பொறுப்பில் வையுங்கள். "அத்தை, எனக்கு ரெண்டு முழமா" என்று கேட்டுக் கேட்டு இழுத்து அறுப்பதில் ஒரு சரமே உதிர்ந்துபோகும்.

11. முடிந்த பிறகு

ஜாடிப் பூக்கள் இன்னும் சில நாள் இருக்கும். எட்டாவது பகுதியில் சொன்ன தண்ணீர் மாற்றும் வேலையைத் தொடருங்கள். சம்பங்கித் தண்டில் அடியில் வாடிய பூவைக் கிள்ளிவிட்டால் மேலே உள்ள மொட்டுகள் விரியும்.

மற்றவற்றைக் கூளமாக அள்ளிப் போடாமல் பிரியுங்கள். ஊசி, கம்பி, ஜரிகை, ஃபோம் தனி. நூலில் கட்டிய சரத்திலிருந்து நூலை உருவிவிடுங்கள். வாழை நாரில் கட்டியது என்றால் அப்படியே உரக்குழியில் போடலாம். மாலைகளை மாட்டுக்குப் போடுபவர்கள் அரளி கலந்திருக்கிறதா என்று ஒவ்வொரு மாலையையும் பிரித்துப் பார்த்த பிறகே போட வேண்டும். சந்தேகமாக இருந்தால் போடாதீர்கள், குழியில் போட்டு மண் தள்ளுங்கள்.